நானூற்றைம்பது வாட்டில் ஒரு வீடு

எங்கள் வீட்டுக் கணினி, நிற்கச் சொன்னால் நாள் முழுக்க நிற்கும். நடக்கச் சொன்னால்தான் விழுந்தது. புதிய கிராபிக்ஸ் கார்டு பொருத்திய பிறகான மூன்று வாரங்களை இந்த இரண்டு வாக்கியங்களில் அடக்கிவிடலாம். ஆனால் இவற்றை எழுத எனக்கு அந்த மூன்று வாரங்களும் வேண்டியிருந்தன. அப்போதும் உண்மையைக் கண்டுபிடித்தது நானில்லை.

என் மனைவி வீட்டுப் படம் வரைபவள். பாலிடெக்னிக்கில் கட்டட வரைபடம் படித்துவிட்டு, எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பொறியாளர் அலுவலகங்களில் சாய்பலகை முன் நின்று வரைந்தாள். இப்போது வீட்டிலேயே கணினியில் வரைகிறாள். வீடு கட்டுகிறவர்கள் ‘எலிவேஷன்’ என்பார்கள். கட்டி முடித்தால் முகப்பு எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே வண்ணத்தில் காட்டும் படம். திண்டுக்கல்லிலும் நத்தம் பக்கமும் இரண்டு மூன்று பொறியாளர்கள் அவளிடம்தான் கொடுக்கிறார்கள். அந்த வேலைக்கு, கணினிக்குள் படத்தை உருவாக்கும் பழைய கார்டே போதும். ஒரு படம் வெளிவர அரை நாள் ஆகும், அவ்வளவுதான். அடுப்பில் பருப்பை ஏற்றிவிட்டு மற்ற வேலை பார்ப்பதுபோல் அவள் படத்தை ஏற்றிவிட்டு மற்ற வேலை பார்ப்பாள்.

புதுக் கார்டு வேண்டும் என்று அவள் கேட்டது பொறியாளர்களுக்காக இல்லை. அவளுடைய தம்பிக்காக.

என் மைத்துனனுக்குச் சாணார்பட்டிக்குக் கொஞ்சம் தள்ளித் தோட்டம். கத்தரி, கொத்தவரை, வரப்போரமாகத் தென்னை. பிள்ளைகள் இல்லை. புருஷனும் மனைவியுமாகச் சாணார்பட்டியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். தோட்டத்திலேயே வீடு கட்டிக்கொள்வதென்று முடிவாகி, அவன் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் என் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டை ஒவ்வொரு அறையாகச் சொல்லச் சொல்ல இவள் வரைந்தாள். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே சுவர் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. “மதினி, நான் உள்ள நின்னு கத்துனா ஒங்க தம்பிக்குக் கேக்கணும். செவுரு வேணாம்” என்று அவள் சொன்னதும்தான் அது முடிவுக்கு வந்தது. நான்கு மூலைக்கும் கல் நட்டார்கள். அந்தப் புரட்டாசியில், ஒரு வியாழக்கிழமை காலை, தலை வலிக்கிறது என்று படுத்தவள் சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள்.

அவன் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுத் தோட்டத்து மோட்டார் ரூமுக்குக் குடிபோனான். பத்தடிக்கு எட்டடி. ஒரு கட்டில், சுவரில் மோட்டார் பெட்டி. வார நாட்களில் சாணார்பட்டி ஓட்டலில் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீட்டில். இப்படி இரண்டு வருடங்களுக்கு மேல் போய்விட்டது.

இந்த வருடம், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய ஞாயிறு, கை கழுவிக்கொண்டே சொன்னான்: “கோட மழ ஒண்ணு பெஞ்சதும் அந்த எடத்தையும் சேத்து உழுதுருவேன்க்கா. கல்லு நட்டு சும்மா கெடக்கு.”

அவன் பஸ் ஏறிப் போன பிறகு என் மனைவி என்னிடம் சொன்னாள். “அந்த வீட்டுக்குள்ள ஒருதடவ அவன் நடந்து பாத்துட்டா உழ மாட்டான்.”

நடந்து பார்க்க முடியும். வரைந்த வீட்டுக்குள் கணினியில் நடக்கலாம்; விசையை அழுத்தினால் படி ஏறும், கதவு திறக்கும், தலையைத் திருப்பினால் ஜன்னல் வரும். பழைய கார்டில் அது ஓடவில்லை. ஒரு அடி எடுத்துவைத்து, நின்று, யோசித்து, அடுத்த அடி வைத்தது. “திக்கித் திக்கி நடந்தா அது அவ வீடு மாதிரியே இருக்காது” என்றாள். அதனால்தான் புதுக் கார்டு.

மின்சாரக் கணக்கை நான் எடுத்துக்கொண்டேன். கல்லூரி அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற எனக்குக் குறித்து வைப்பது பழக்கம். குழாயில் தண்ணீர் வந்த நாள், மின்சாரம் நின்ற நேரம், மழை அளவு எல்லாம் நோட்டில் இருக்கும். கணினிக்குள் இருக்கும் ஒவ்வொரு உறுப்பும் எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்று தேடிப் படித்து, ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கூட்டினேன். சுவர்ப் பிளக்கில் செருகினால் எவ்வளவு வாட் போகிறது என்று காட்டும் சின்ன மீட்டர் ஒன்றும் வாங்கி, பழைய நிலையில் ஓடவிட்டு அளந்து, புதுக் கார்டுக்கு ஆவதை அதில் சேர்த்துப் பார்த்தேன். இரண்டு வழியிலும் முந்நூற்று நாற்பதுக்குப் பக்கத்தில் வந்தது. கணினிப் பெட்டிக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். எங்களிடம் ஏற்கெனவே இருந்தது நானூற்றைம்பது வாட். கழித்தால் மீதி நூற்றுப்பத்து. கழித்தலில் பிழை இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

கார்டு வாங்கப் போனது சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளி. பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் கணினிக் கடை. கடைக்காரருக்கு என் வயதிருக்கும். எல்லாருக்கும் அவர் பாய். கார்டை எடுத்து வைத்தவர், “சார், இது மட்டும் போட்டா ஆகாது. எஸ்.எம்.பி.எஸ். மாத்தணும்” என்றார்.

“நானூத்தம்பது இருக்கு பாய்.”

“பெட்டியில அறுநூத்தம்பது வேணும்னு போட்டிருக்கான், பாருங்க.”

“அவன் எல்லாச் சிஸ்டத்துக்கும் பொதுவாப் போட்டிருப்பான். நம்ம கணக்கு முந்நூத்தி நாப்பதுதான்” என்று தாளை நீட்டினேன்.

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். தாளை மடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

“கணக்கு சுத்தமா இருக்கு சார். எழுத்தும் முத்து முத்தா இருக்கு. ஆனா கார்டுக்குப் படிக்கத் தெரியாதே.”

நான் சிரித்துவிட்டுக் கார்டை மட்டும் வாங்கி வந்தேன். எத்தனையோ வருடம் மற்றவர்களின் கூட்டலில் பிழை பார்த்தவனுக்குத் தன் கூட்டல் சரியாக இருப்பதில் ஒரு நிம்மதி உண்டு. அந்த நிம்மதியோடு பஸ் ஏறினேன்.

தவக்காலத்தின் முதல் ஞாயிறு. புளிக்குழம்பும் கொத்தவரங்காய்ப் பொரியலும் சாப்பிட்ட பிறகு, என் மனைவி தம்பியைக் கணினி முன் உட்காரவைத்தாள். என்ன காட்டப் போகிறாள் என்று சொல்லவில்லை. திரையில் அவனுடைய தோட்டத்து வண்டிப்பாதை வந்தது. முனையில் வீடு. இரண்டு படி, நிலை, மூடிய கதவு. அவன் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தான்.

“உள்ள போவமா அப்பு?” என்று கேட்டுவிட்டு அவள் விசையை அழுத்தினாள். கார்டின் விசிறி சர்ரென்று எழும்பியது. படி நகர்ந்து கிட்டே வந்தது. அவ்வளவுதான். திரை கறுத்து, பெட்டி முழுக்க அமைதியாகிவிட்டது.

“என்னக்கா, கரண்டு போச்சா?”

தலைக்குமேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மறுபடி போட்டோம். மறுபடி படிவரைக்கும் வந்து விழுந்தது. மூன்றாவது தடவை கதவு ஒரு கை அகலம் திறந்தது. அந்த இடுக்கில் கூடத்துத் தரை தெரிந்த நொடியில் அணைந்தது. அவன் எழுந்துவிட்டான்.

“விடுக்கா. அதுக்கே உள்ள போகப் பிடிக்கல.”

சிரித்தபடிதான் சொன்னான். செம்பிலிருந்து தண்ணீர் குடித்துவிட்டு, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே நத்தம் பஸ்ஸுக்குக் கிளம்பினான். என் மனைவி இருண்ட திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“என்னங்க, ஒங்க கணக்கு சரிதான?”

“சரிதான்” என்றேன். பொய்யில்லை. அவளுக்கு உதவியும் இல்லை.

அடுத்த நாளிலிருந்து ஒரு புது நோட்டு போட்டேன். கணினி அணையும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி. கிழமை, நேரம், வீட்டு மின்சாரத்தின் வோல்டேஜ், அறையின் வெப்பம், பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடியதா, அந்த நேரத்தில் இவள் என்ன செய்துகொண்டிருந்தாள், ஆரம்பித்து எத்தனை நொடியில் விழுந்தது என்று பத்திகள் பிரித்துக்கொண்டேன். என் சந்தேகம் முழுக்க வோல்டேஜ்மேல் இருந்தது. மாலை நேரத்தில் எங்கள் தெருவில் இறங்கும் என்பதற்குப் பல வருட நோட்டுகள் சாட்சி. ஆகவே ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வந்து மாட்டினேன். தேங்காய் மூட்டை கனம். வோல்டேஜ் ஏறி இறங்கும்போதெல்லாம் உள்ளே டக், டக் என்றது.

“இது என்ன, பல்லி மாதிரி சொல்லிக்கிட்டே கெடக்கு?” என்றாள் மனைவி.

பல்லி சொல்லச் சொல்லக் கணினி விழுந்துகொண்டுதான் இருந்தது. காலையில் விழுந்தது, மதியம் விழுந்தது, வோல்டேஜ் நூல் பிடித்ததுபோல் நின்ற வேளையிலும் விழுந்தது. ஆனால் அதே பெட்டியில், அதே கார்டில், ஒரு பொறியாளருக்கான எலிவேஷன் படங்களை வரிசையாக ஏற்றிவிட்டால் ஆறு மணி நேரம் அசையாமல் ஓடியது. என்னைக் குழப்பியது அதுதான். ஆறு மணி நேரம் சுமந்து நிற்கிறவனுக்கு ஆறு நொடி சுமக்கவா வலுவில்லாமல் போகும்? மின்சாரம் போதவில்லை என்பது காரணமாக இருக்க முடியாது என்று நோட்டிலேயே எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

இரண்டாவது ஞாயிறு அவன் வந்தான். கணினிப் பக்கம் திரும்பவில்லை. மூன்றாவது ஞாயிறு வரவில்லை. திங்கள் மாலை நத்தம் பக்கம் முதல் கோடை மழை என்று செய்தி வந்தது. செவ்வாயும் புதனும் எங்களுக்கு மேலே மேகம் கூடிக் கூடிக் கலைந்தது. என் மனைவி வானத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை என்னைத் தோட்டத்துக்கு அனுப்பினாள். “அந்த வேப்பமரம் வடகிழக்கு மூலக் கல்லுலருந்து எத்தன அடின்னு அளந்துட்டு வாங்க. நெழலு எங்க விழுகும்னு பாக்கணும்.” நிழலுக்காக மட்டும் அனுப்பவில்லை என்று இருவருக்கும் தெரியும். கல் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவர வேண்டும்.

இருந்தது. நான்கும் இருந்தன. மைத்துனன் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து மும்முனைக் கரண்டுக்குக் காத்திருந்தான்.

“வாங்க மச்சான். என்ன வெயில்ல?”

டேப்பை எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

“பதினெட்டடி” என்றான் உட்கார்ந்த இடத்திலிருந்தே. “அவதான் டேப்போட அந்த மொனையப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அளக்க வேணாம்.” பிறகு, “திங்கக்கெழம டிராக்டர் சொல்லியிருக்கேன். அக்காட்ட நீங்களே சொல்லிருங்க” என்றான்.

உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். மூலையில் ஓர் இட்லிக் கொப்பரை, வாங்கிய அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருந்தது. அதன்மேல் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் கவிழ்த்திருந்தான். வியர்வைக்கு விசிற ஏதாவது வேண்டும் என்று பையைத் துழாவியதில் கணினி நோட்டு கைக்கு வந்தது.

“விசிறவா இம்புட்டு நல்ல நோட்டக் கொண்டாந்தீக?” என்று கேட்டு வாங்கிப் பார்த்தான். “என்ன மச்சான் இது, ஒரே நேரமும் கெழமையுமா?”

“கம்ப்யூட்டர் விழுந்த கணக்கு.”

சும்மா புரட்டுவான் என்று நினைத்தேன். விரலை வைத்து வரி வரியாக இறங்கினான். இரண்டாம் பக்கத்தின் அடிவரைக்கும் வந்து, மறுபடி மேலே போனான்.

“இருவத்தி மூணு தடவ விழுந்திருக்கு.”

“ஆமா.”

“இருவத்தி மூணும் நடக்க ஆரம்பிச்சு நாலஞ்சு எண்றதுக்குள்ள.”

“ஆமா மாப்ள, ஆனா நேரத்தப் பாத்தா ஒரு ஒழுங்கே இல்ல. காலைலயும் இருக்கு, சாயங்காலமும்…”

“நேரத்த விடுங்க மச்சான். நேரத்தவே பாத்துக்கிட்டு!” என்றான். “வெறும் படம் போடுறப்ப ஒருதடவகூட விழுகல?”

“ஆறு மணி நேரம் ஓடுச்சு.”

“அப்ப ஓடுறதுல ஒரு கொறையும் இல்ல. கெளம்பி எடுக்குறதுலதான் கொற.”

அந்த நேரம் பார்த்து மோட்டார் பெட்டியில் மூன்று சிவப்பு விளக்குகளும் எரிந்தன. அவன் என்னைக் கையைப் பிடித்து எழுப்பிப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினான். கண்ணாடிக்குள் ஒரு முள், பூச்சியத்தில் படுத்திருந்தது.

“முள்ள மட்டும் பாருங்க.”

பச்சைப் பொத்தானை அழுத்தினான். சுவர் அதிர்ந்தது. முள் துள்ளி எழுந்து கண்ணாடியின் அடுத்த ஓரத்தில் இடித்துவிட்டு, தயங்கி இறங்கி, கால்வாசியில் போய் உட்கார்ந்தது. வெளியே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“பாத்தீகளா? ஓடுறப்ப இம்புட்டுதான் இழுக்கும். நிக்கிறத எழுப்புறப்ப நாலஞ்சு பங்கு இழுக்கும். ஒரு கண்ணு மூடித் தொறக்குற நேரந்தான். ஆனா ஒயரும் பியூஸும் அந்தத் துள்ளலத் தாங்குற மாதிரிதான் போடணும். ஓட்டத்துக்கு மட்டும் கணக்குப் போட்டா அன்னைக்கே பியூஸ் போயிரும்.”

“கம்ப்யூட்டருக்குள்ள மோட்டாரு இல்லையே மாப்ள.”

“இல்லாட்டி என்ன? சும்மா கெடந்தத எழுப்பி நடக்கத்தான சொல்றீக?”

முள் கால்வாசியில் நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரமாக என்ன நடந்தது என்பது எனக்கு அப்போது விளங்கியது. கார்டு ஒரே சீராக மின்சாரம் குடிப்பதில்லை. நடக்கச் சொன்னதும், கண்ணிமைக்கும் நேரத்தில் அதன் வழக்கமான அளவைத் தாண்டித் துள்ளி, திரும்பி இறங்கிவிடும். அந்தத் துள்ளலைக் கண்ட பழைய எஸ்.எம்.பி.எஸ்., தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிட்டது. என் சுவர் மீட்டர் நொடிக்கு ஒருமுறைதான் எண் காட்டும். துள்ளலையும் தாழ்வையும் சமன்செய்து ஒரு சாதுவான எண்ணைக் காட்டியது. நான் அந்தச் சாதுவான எண்களைத்தான் கூட்டியிருந்தேன். பெட்டியில் போட்டிருந்த அறுநூற்றைம்பதில் அந்தத் துள்ளலுக்கான இடமும் சேர்ந்திருந்தது. இது அத்தனையும் என் நோட்டிலேயே, கடைசிப் பத்தியில், என் கையெழுத்திலேயே இருந்தது. நாட்குறிப்பு எழுதுகிறவனுக்கு எல்லாமே நேரமாகத்தான் தெரிகிறது. நேரத்தில் ஒழுங்கு இல்லை என்றதும் ஒழுங்கே இல்லை என்று முடிவுகட்டிவிட்டேன்.

“கெளம்புங்க மச்சான்” என்றான்.

“எங்க?”

“அந்தப் பாய் கடைக்கு. தண்ணி தன்னால பாயும். இங்க செத்த நேரத்துக்கு வேல இல்ல.”

காலைக் கழுவி, கொடியில் கிடந்த சட்டையை உதறிப் போட்டுக்கொண்டான். எதற்காக அந்தக் கணினி நடக்க வேண்டும் என்பதை அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மோட்டார் எடுக்கவில்லை என்றால் அவனால் சும்மா இருக்க முடியாது. அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு அவன் வண்டியில் பின்னால் ஏறினேன்.

பாய் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். “வாங்க சார். கணக்கு என்ன ஆச்சு?”

“கணக்கு அப்பிடியேதான் இருக்கு பாய். சிஸ்டந்தான் விழுகுது” என்றேன். பட்ட அனுபவத்தில், “ஆயிரம் வாட்டுல இருந்தா குடுங்க” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

“அன்னைக்கு இறங்கிப் போனீங்க, இன்னைக்கு ஏறிப் போறீங்க. வீட்டுல ரெண்டு பேருக்கு நாப்பது பேரு பானையா? அறுநூத்தம்பது போதும் சார், நல்லதா இருந்தா.”

அவர் எடுத்து வைத்த இரண்டு பெட்டிகளிலும் அறுநூற்றைம்பது என்றுதான் போட்டிருந்தது. மைத்துனன் இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தான்.

“இது கனமா இருக்கு. இது ஒண்ணுமே இல்ல.”

“கையே சொல்லுது பாருங்க” என்றார் பாய். “ஆனா கனத்த மட்டும் நம்பக் கூடாது. சைடுல ஒட்டியிருக்கறதப் படிங்க சார், ஒங்களுக்குத்தான் படிக்கப் பிடிக்குமே. பன்னெண்டு வோல்ட்டு லைன்னு இருக்கும். கார்டு அதுலருந்து மட்டுந்தான் குடிக்கும்.”

படித்தேன். கனமான பெட்டி அந்த ஒரு லைனில் ஐம்பத்துநான்கு ஆம்பியர் தந்தது. பன்னிரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய முழு அறுநூற்றைம்பதும் வந்துவிடுகிறது. லேசான பெட்டியில் முப்பத்தெட்டு. பெருக்கினால் நானூற்றைம்பத்தாறுதான். மிச்சத்தை, கார்டுக்குப் போகாத மற்ற லைன்களிலிருந்து கூட்டி மேலே பெரிய எண்ணாகப் போட்டிருந்தார்கள். மூன்று வாரம் முன்பு என்றால் அந்தப் பெரிய எண்ணைப் பார்த்துத் திருப்தியாக எடுத்திருப்பேன்.

“ஏன் பாய், இது எத்தன எச்.பி. வரும்?” என்று கேட்டான் மைத்துனன்.

“ஒண்ணுகூட வராது.”

“ஒரு எச்.பி.கூட இல்லாததுக்கா எங்க மச்சான் மூணு வாரம் நோட்டு போட்டாரு!”

“நோட்டு போட்டதாலதான ஒங்களுக்குத் தெரிஞ்சுது? என்கிட்ட வாதாடுறவங்க முக்காவாசிப் பேரு ஒரு வரி எழுத மாட்டாங்க” என்று பாய் என் பக்கம் பேசினார். பிறகு விரலை நீட்டி எச்சரித்தார்: “இந்தப் பெட்டியில வர்ற ஒயர மட்டுந்தான் போடணும், பழச எடுத்து மாட்டக் கூடாது. கார்டுல ரெண்டு எடத்துல குத்தணும். ரெண்டுக்கும் தனித்தனி ஒயரு.”

“ஒரே ஒயர்ல ரெண்டு மோட்டார் ஓட்டாதீகன்றாரு” என்று மைத்துனன் எனக்கு மொழிபெயர்த்தான்.

வெள்ளிக்கிழமையில் தம்பி வாசலில் நின்றதைப் பார்த்ததும் என் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. உழுதுவிட்டதைச் சொல்ல வந்திருக்கிறான் என்றே நினைத்திருக்கிறாள். அவன் கையிலிருந்த பெட்டியை மேசையில் வைத்து, “ஒங்க வீட்டு மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பத்தலக்கா” என்றான்.

மாற்றிப் பொருத்த எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அவன் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பழைய வயர்களைக் கடைசிவரை உருவியெடுத்து வெளியே போட்டேன். கார்டுக்கு இரண்டு வயர், தனித்தனியாக. நான்கு மணிக்கு மூடியைப் போட்டு ஆணி முறுக்கினேன். மூவரும் உட்கார்ந்தோம்.

“நீயே ஓட்டு. சோதிச்சுப் பாக்கத்தான” என்றாள் அக்கா. நாற்காலியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, எந்த விசை முன்னால் போகும் என்று மட்டும் காட்டினாள்.

அவன் அழுத்தினான். விசிறி எழும்பியது. நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். படி வந்தது. கதவு வந்தது, ஒரு கை அகலம் திறந்தது, முழுக்கத் திறந்தது. கூடத்தின் தரையில் ஜன்னல் வெயில் நான்கு கட்டமாக விழுந்திருந்தது. எட்டு, ஒன்பது என்று எண்ணிக்கொண்டிருந்தவன் எங்கே நிறுத்தினேன் என்று தெரியவில்லை.

அவன் நடந்தான். கூடத்திலிருந்து படுக்கை அறை, அங்கிருந்து திரும்பி, சுவர் இல்லாத வழியாக அடுப்படி. மேலே பார்த்தான், கீழே பார்த்தான்.

“ஏன்க்கா, எல்லாம் ஒசரத்துல இருக்கு? பரணு எட்டாது போலருக்கு. ஜன்னக் கம்பியும் மேல நிக்கிது.”

என் மனைவி திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அவ கண்ணு ஒசரத்துல வச்சிருக்கேன் தம்பி. நாலடி எட்டங்குலம். அவ சொல்லி வரஞ்சதுதான எல்லாம்.”

அவன் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டான். திரையில் அடுப்படி அப்படியே நின்றது. கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி விசையில் வைத்தான். அடுப்படியிலிருந்து கூடத்துக்குப் பின்வாங்கி, வாசல்வரைக்கும் போய், அங்கிருந்து முதலிலிருந்து ஆரம்பித்தான். இந்தத் தடவை மெதுவாக. ஒவ்வொரு ஜன்னலிலும் நின்றான். ஒவ்வொரு மூலையிலும் தலையைத் தூக்கிப் பார்த்தான். அவள் பார்த்திருக்கக்கூடிய வீட்டை முழுக்கச் சுற்றி வர அவனுக்குப் பத்து நிமிடத்துக்குமேல் ஆனது. நாங்கள் இருவரும் அசையவில்லை. கோவிலில் சிலுவைப் பாதைக்கு முதல் மணி அடித்தது. யாரும் எழவில்லை.

“இப்ப என் ஒசரத்துக்கு மாத்து” என்றான்.

அவள் எட்டி ஓர் எண்ணை மாற்றினாள். வீடு ஒரு படி இறங்கியதுபோல் இருந்தது. பரண் கைக்கு வந்தது. அவன் அடுப்படிக்குப் போய், மேடைக்கு முன்னால் நின்று குனிந்து பார்த்தான்.

“மேட தாழ்வாருக்கே. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயிரும்.”

“யாருக்கு?” என்றாள் அவள், மெதுவாக.

“சமைக்கிறவனுக்குத்தான்.”

“ஏலே, ஒனக்கு என்ன சமைக்கத் தெரியும்?”

“ரசம் வைப்பேன். தொட்டுக்கிற வெஞ்சனத்துக்கு நீ இருக்கேல்ல, போன்ல கேட்டுக்கிறேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. துடைத்தால் அவன் பார்த்துவிடுவான். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “எம்புட்டு ஏத்தணும், சொல்லு.”

அவன் எழுந்து நின்று, எங்கள் சாப்பாட்டு மேசையின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து, அங்கிருந்து மற்றக் கையின் விரல்களை அடுக்கி அளந்தான். “இதவிட நாலு விரக்கட.”

அவள் டேப்பை எடுத்து மேசையை அளந்தாள், நான்கு விரற்கடைக்கு மூன்று அங்குலம் சேர்த்தாள், எண்ணைப் போட்டாள். திரையில் அடுப்பு மேடை அசைந்து, உயர்ந்து, நின்றது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான்.

“இப்ப சரியாருக்கு” என்றான். “கொத்தனாருட்ட சொல்ல மறந்துறாதக்கா. அவரு பழைய அளவுக்கே கட்டிப்புடுவாரு.”